கொடுக்க முடியாத லீவு

பெர்னடெட் டொம்ப்ராவ்ஸ்கி லீவு எடுத்து யாரும் பார்த்ததில்லை. பனி கொட்டி மஞ்சள் பேருந்துகளே திணறும் காலையிலும் அவள் கார் எங்களுக்கு முன்பே பள்ளி வாசலில் நிற்கும். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். தொண்டையிலேயே ஒலிபெருக்கி. நான் பக்கத்து அறையில் பேண்டு வாத்தியம் சொல்லிக்கொடுக்கிறவன். முப்பது பிள்ளைகள் ட்ரம்பெட் ஊதிக்கொண்டிருக்கும்போதும் சுவரைத் தாண்டி அவள் குரல் வரும்: "மைனஸை எங்கடா தொலைச்ச?"

பிலடெல்பியாவிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்தில் இருக்கிறது ஃபேர்மில். நல்ல ஊர். புல்வெளி வைத்த வீடுகள், நல்ல பள்ளிகள், அதற்கேற்ற வீட்டு வரி. அங்கே பாடம் நடத்தும் எங்களில் பாதிப் பேருக்கு அங்கே வீடு வாங்க வழியில்லை. வேலை ஓர் ஊரில், படுக்கை வேறோர் ஊரில் என்று வாழ்கிறவர்கள்தான் அதிகம். மரீசா ஃபால்கோனும் அப்படித்தான். ஏழாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை. சேர்ந்து நான்கு வருடம்கூட ஆகவில்லை. பிள்ளைகள் அவள் வகுப்புக்கு மணி அடிக்கும் முன்பே ஓடுவார்கள்.

அந்த செப்டம்பரில் அவளுக்குக் குழந்தை பிறந்தது. பிறக்க வேண்டிய நாளுக்கு இரண்டு மாதத்துக்கும் மேல் முன்னதாக. உள்ளங்கையில் அடங்குகிற பெண் குழந்தை என்று கேள்விப்பட்டோம். எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பிவிட்டு, இனி அடுத்த வருடம்தான் மரீசாவைப் பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டோம்.

இரண்டு வாரம் ஆகும் முன்பே ஒரு நாள் மதியம் பெர்னடெட், எங்களுக்கெல்லாம் பெர்னி, ஏதோ எடுக்க அறிவியல் ஆய்வகத்தின் சரக்கு அறைக்குப் போனாள். உள்ளே கண்ணாடிக் குடுவைகளுக்கு நடுவே, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, கருவி வைத்துத் தாய்ப்பால் எடுத்துக்கொண்டிருந்தாள் மரீசா.

"ஐயோ, கதவ சாத்துங்க!"

"நான்தான்டி, பெர்னி. நீ இங்க என்ன பண்ற? ஆஸ்பத்திரியில இல்ல இருக்கணும்?"

"கடைசி பீரியட் முடிஞ்சதும் ஓடிடுவேன்."

"உனக்கு என்ன பைத்தியமா? உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

மரீசா அழவில்லை. பாடம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாளாம். "என் லீவெல்லாம் மாசமா இருந்தப்பவே தீந்துபோச்சு, டாக்டர் படுத்தே இருக்கச் சொன்னாருல்ல. இனி சம்பளமில்லாத லீவு பன்னெண்டு வாரம்தான். லூசியா இப்ப இன்குபேட்டர்ல இருக்கா, நான் கண்ணாடிக்கு வெளியில இருந்து பாக்கத்தான் முடியும். அந்தப் பன்னெண்டு வாரத்த இப்பவே செலவு பண்ணிட்டா, அவ வீட்டுக்கு வர்றப்ப யாரு பாத்துக்கறது?"

"உன் புருஷன் நிக் சம்பாதிக்கிறானே?"

"நிக் வீடு வீடாப் போய் சுவர் பூசற ஆளு. அவனுக்கு ஏது மெடிக்கல் இன்ஷூரன்ஸ்? மூணு பேருக்கும் என் வேலையிலதான் ஓடுது. அது நின்னா அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு நாள் வாடகை கட்ட என் ஒரு மாச சம்பளம் பத்தாது."

பெர்னி சரக்கு அறைக் கதவைச் சாத்திவிட்டு நேராக என் அறைக்கு வந்தாள். பிள்ளைகள் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"ரஸ், இவங்கள ஊதச் சொல்லிட்டு வெளிய வா." நடைபாதையில் நின்று நடந்ததைச் சொன்னாள். "என்கிட்ட இருபத்தேழு வருஷ லீவு தூங்குது. அதுல அம்பது நாள அவளுக்குக் குடுக்கப் போறேன். சாயங்காலம் தலைமை அலுவலகத்துக்கு நீயும் கூட வா."

"நான் எதுக்கு?"

"நான் யாரையாவது அடிச்சுட்டா புடிச்சு இழுக்க ஒரு ஆள் வேணும்."

எங்கள் பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் ஹார்ட்வெல். மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் அவர்தான் மேலதிகாரி. கெட்டவர் இல்லை. கேட்பதெல்லாம் கேட்பார், கடைசியில் கைகளை விரிப்பார்.

"உங்க நல்ல மனசு எனக்குப் புரியுது, மிஸஸ் டொம்ப்ராவ்ஸ்கி."

"மனசு கிடக்கட்டும் சார். லீவ எடுத்துக்குங்க."

"ஒருத்தர் லீவ இன்னொருத்தர் பேருக்கு மாத்த ஒப்பந்தத்துல இடமில்லையே. பையில இருக்கிற மிட்டாயா, எடுத்து நீட்டறதுக்கு?"

"என் லீவு. நான் சம்பாதிச்சது. நான் காய்ச்சல்ல படுத்தா குடுப்பீங்க. நான் நல்லா இருந்து இன்னொருத்தி கஷ்டப்பட்டா குடுக்க மாட்டீங்களா?"

"இன்னைக்கு மரீசாவுக்கு செஞ்சா நாளைக்கு நாலு பேர் வக்கீலோட வந்து நிப்பாங்க. எனக்கு விதின்னு ஒண்ணு வேணும். வேணும்னா ஒப்பந்தத்துலயே கொண்டு வாங்க. இந்த வருஷம்தான் பேச்சுவார்த்தை நடக்குதே."

அதை அவர் வழியனுப்பும் வார்த்தையாகத்தான் சொன்னார். பெர்னி அழைப்பாக எடுத்துக்கொண்டாள்.

ஆசிரியர் சங்கக் கூட்டம் என்றாலே அதுவரை அவளுக்கு வேப்பங்காய். "புலம்பறதுக்கு வீட்டுல புருஷன் இருக்கான், அதுக்கு ஒரு கூட்டம் வேற எதுக்கு?" என்பாள். மறுவாரமே வந்து பேச்சுவார்த்தைக் குழுவில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் தடுக்கவில்லை. அந்தக் குழுவில் உட்கார ஆள் கிடைப்பதே அரிது. நானே அங்கே இருந்தது, ஆள் தேடிய அன்று நான் மறந்து நிமிர்ந்து பார்த்துவிட்டதால்தான்.

எதிர்ப்பக்கம் ஊர்க்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பள்ளி வாரியம்; பள்ளிகளின் பணம் அவர்கள் கையில். அதன் தலைவர் க்ரெக் பாஸ்மோர் ஊரில் பாதி வீடுகளுக்குத் தரை போட்டுக் கொடுத்த வியாபாரி, எதையும் பேரம் பேசாமல் வாங்காத மனிதர். அவருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு வழக்கறிஞர் அம்மாள். பெர்னி கேட்டது எளிமையானது: ஒரு பொதுவான லீவு நிதி. விரும்பினவர்கள் தங்கள் லீவில் கொஞ்சத்தை அதில் போடலாம். பெரிய கஷ்டம் வந்தவர்கள் அதிலிருந்து சம்பளத்தோடு எடுத்துக்கொள்ளலாம்.

பாஸ்மோர் அதை மறுக்கவில்லை. விலை சொன்னார். "நிதி வெச்சுக்குங்க. ஆனா மாற்று டீச்சருக்கு நாங்கதானே சம்பளம் குடுக்கணும்? அந்தச் செலவுக்கு உங்க சம்பள உயர்வுல கால் சதவீதம் குறைச்சுக்குவோம்."

அதை எங்கள் ஆட்களிடம் கொண்டுபோக வேண்டியதாயிற்று. பள்ளி உணவுக்கூடத்தில் கூட்டம். மாவட்டம் முழுவதிலிருந்தும் ஆசிரியர்கள் வந்து, பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் எழுந்தவன் வால்ட் ஸ்டெங்கல், விளையாட்டு ஆசிரியன், மல்யுத்தப் பயிற்சியாளன். நானும் அவனும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஓய்வுபெற அவனுக்கு இன்னும் இரண்டு வருடம்தான்.

"எனக்கு மூணு புள்ள பொறந்துது. யாரும் எனக்கு ஒரு நாள் லீவு தூக்கிக் குடுக்கல. என் பென்ஷன் கடைசி மூணு வருஷ சம்பளத்துலதான் நிக்குது. அந்தக் கால் சதவீதம் உங்களுக்கு சில்லறையா இருக்கலாம், எனக்கு அது சாகற வரைக்கும். ஊரான் புள்ளைக்கு நான் ஏன் அழணும்?"

சிலர் கை தட்டினார்கள். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்ததுதான் சங்கடம். பெர்னிக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"ஊரான் புள்ளையா? வாங்க, வந்து சரக்கு அறையில பாருங்க! மரீசா அங்க வாளி மேல உக்காந்து பால் எடுத்துக்கிட்டு இருக்கா! கதவுக்குத் தாழ்ப்பாள்கூட இல்ல!"

எல்லோரும் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே மரீசா இருந்தாள். முகம் சிவந்து எழுந்தவள், பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். கூட்டம் எந்த முடிவும் இல்லாமல் கலைந்தது. வாசலில் பெர்னி என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள், மூடினாள். அவளுக்குப் பேச்சு வராமல் நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் காலை, பிள்ளைகள் வருவதற்குள், மரீசாவின் வகுப்பறைக்குப் போனாள். நான் வாசலில் நின்றேன்.

"தப்பு பண்ணிட்டேன்."

மரீசா கரும்பலகையில் எழுதுவதை நிறுத்தவில்லை. "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா, பெர்னி? ஊர் டீச்சர் அத்தன பேர் முன்னாடி என் மார்பப் பத்திப் பேசினீங்க. இன்னைக்கு வாசல்ல எதிர்ப்பட்ட டீச்சருங்ககூட என்னைப் பாக்காம தரையப் பாக்கறாங்க."

"கோவத்துல வந்துடுச்சு."

"கோவம் உங்களுது. கூச்சம் என்னுது." சாக்பீஸை வைத்துவிட்டுத் திரும்பினாள். "நீங்க சொன்னா நான் பாவப்பட்டவ. நானே சொன்னா அது விவரம். இனி எனக்காகப் பேசாதீங்க. பேசணும்னா நான் பேசிக்கறேன்."

"சரிம்மா. நீ சொல்றபடி."

பெர்னி யாருக்கும் அவ்வளவு சுலபமாகச் "சரி" சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அவள் துவண்டுபோகவில்லை. அன்று மதியமே என்னை இழுத்துக்கொண்டு உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போனாள். வால்ட் மல்யுத்தப் பாயை உதறிக்கொண்டிருந்தான்.

"சண்ட போட வந்தியா? பாய் ரெடியா இருக்கு."

"சண்டைக்கு இல்ல. உனக்கு என்னதான் வேணும்னு கேட்க வந்தேன்."

"நேத்தே சொன்னேனே. என் சம்பளத்துல கை வைக்காத. உனக்கு லீவுதானே வேணும்? எடுத்துக்கோ. என்கிட்ட மூட்டை மூட்டையா கிடக்கு. ரிட்டயர் ஆறப்ப ஒரு நாள் லீவுக்கு ரெண்டு ஹோகி சாண்ட்விச் வாங்கற காசு தருவானுங்க. இங்க பழைய ஆளுங்க எல்லார்கிட்டயும் அப்படித்தான் குவிஞ்சு கிடக்கு. அதுல எவ்வளவு வேணா அள்ளிக்கோ. சம்பள உயர்வு மட்டும் முழுசா வரணும்."

பெர்னி அப்படியே நின்றாள். "வால்ட், இன்னொரு தடவ சொல்லு."

"எத? ஹோகியையா?"

அவள் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் மல்யுத்தப் பிள்ளைகளின் எடையை அழித்துவிட்டுக் கணக்குப் போடத் தொடங்கினாள். வால்ட் கத்தினான். அவள் காதில் வாங்கவில்லை. ஓய்வுபெறும் ஒவ்வொருவருக்கும் மீதி லீவுக்கு மாவட்டம் கொடுக்க வேண்டிய தொகை ஒரு பக்கம். அந்த லீவை இப்போதே நிதிக்கு எழுதிக்கொடுத்தால் மாவட்டத்துக்கு அது மிச்சம். இன்னொரு பக்கம், சலித்துப்போய் வேலையை விடும் இளம் ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் பதிலாக ஆள் தேடி, எடுத்து, பழக்குகிற செலவு. மூன்று வருடத்தில் பக்கத்து மாவட்டத்துக்குப் போனவர்களின் பெயர்களை அவள் விரல் விட்டுச் சொன்னாள். ஆறாவது விரலுக்கு இன்னொரு கை வேண்டியிருந்தது.

"இது பாஸ்மோருக்குப் புரியும்," என்றாள். "அந்த ஆளுக்கு தரை ஓட்டுல உடைசல் எவ்வளவுன்னு பாக்கத் தெரியும். நம்ம பள்ளிக்கூடத்துல உடைசல் எவ்வளவுன்னு யாரும் காட்டினதில்ல."

உறுப்பினர்கள் இந்தத் திட்டத்துக்கு ஒரே கூட்டத்தில் ஒப்புதல் கொடுத்தார்கள். முன்மொழிந்தவன் வால்ட். "என் யோசனை இது, ஞாபகம் வெச்சுக்குங்க" என்று மூன்று தடவை சொன்னான்.

அக்டோபர் கடைசியில் வாரியத்தின் பொதுக் கூட்டம் நடந்தது. வரி கட்டுகிறவர்கள் யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம். வழக்கமாக நாலைந்து பேர்தான் வருவார்கள். அன்று அரங்கம் நிறைந்திருந்தது. சம்பளத்தோடு இன்னும் லீவு கேட்கிறார்கள் டீச்சர்கள் என்று ஊரில் பேச்சு பரவியிருந்தது. முதல் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். ஃபேர்மில்லில் நாற்பது வருடமாக வீட்டு வரி கட்டுகிறவர், பெயர் அர்லன் விட்மர்.

"கோடையில ரெண்டரை மாசம் லீவு. கிறிஸ்துமஸுக்கு லீவு. மூணு மணிக்கு வீடு. இதுக்கு மேலயும் லீவா? என் வரி ஏறிக்கிட்டே போகுது, பென்ஷன் மட்டும் நின்ன இடத்துல நிக்குது."

பெர்னி எழுந்தாள். "மூணு மணிக்கு வீட்டுக்குப் போற டீச்சர் யாருன்னு மட்டும் சொல்லுங்க சார். இன்னைக்கே அவங்களோட இடம் மாத்திக்கறேன்."

அரங்கம் சிரித்தது. விட்மரும் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். அவள் தொடர்ந்தாள்: "நாங்க புதுசா ஒரு நாள் லீவும் கேக்கல. வேல செஞ்சு சேத்ததத்தான் நம்ம ஆளுக்குக் குடுக்கறோம். உங்க வரி ஏறாது. எப்படின்னு கேளுங்க, பலகையில போட்டுக் காட்டறேன். நான் கணக்கு டீச்சர், விட மாட்டேன்."

போட்டுக் காட்டினாள். பாஸ்மோர் முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு முடிந்ததும் பெர்னி உட்கார்ந்துவிட்டாள். வேறு ஒரு நாளாக இருந்தால் இன்னும் அரை மணி பேசியிருப்பாள்.

மரீசா முன்னால் வந்தாள். கையில் காகிதம் எதுவும் இல்லை.

"நான் மரீசா ஃபால்கோன். ஏழாம் வகுப்பு அறிவியல். என் பொண்ணு இப்ப பிலடெல்பியாவுல ஆஸ்பத்திரியில இருக்கா. காலையில ஆறு மணிக்கு அவளப் பாத்துட்டு உங்க பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்க வர்றேன். சாயங்காலம் திரும்பப் போறேன். நான் யார்கிட்டயும் பிச்சை கேக்கல. பக்கத்து மாவட்டத்துல இருந்து என்னைக் கூப்பிட்டிருக்காங்க. அங்க இந்த நிதி ஏற்கெனவே இருக்கு, சம்பளமும் கொஞ்சம் கூட. எனக்குப் போக மனசில்ல. இந்தப் பிள்ளைங்கள எனக்குப் புடிக்கும். ஆனா என் பொண்ணுன்னு வந்துட்டா என் மனசு ரெண்டாவதுதான். இத நீங்க தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணணும். அவ்வளவுதான்."

மிரட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. அப்புறம் விட்மர் மறுபடி ஒலிவாங்கியைத் தட்டினார்.

"குழந்தை இப்ப எப்படிம்மா இருக்கா?"

"முந்தாநாள் குழாய எடுத்துட்டாங்க. தானா மூச்சு விடறா."

"நல்லது." அவர் உட்காரப் போனார். பிறகு பாதியில் நிமிர்ந்து, யாரோ குற்றம் சாட்டிவிட்டதுபோலச் சொன்னார்: "நான் வரியப் பத்தித்தான் கேட்டேன். குழந்தையப் பத்தி ஒண்ணும் தப்பா சொல்லல."

"நானும் தப்பா எடுத்துக்கல சார்," என்றாள் மரீசா.

வாரியம் அன்று முடிவு சொல்லவில்லை. இரண்டு வாரம் இழுத்தார்கள். வழக்கறிஞர் அம்மாள் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நிபந்தனை வைத்தாள். மருத்துவச் சான்று வேண்டும், ஒருவருக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வேண்டும், முதலில் இரண்டு வருடம் சோதனை. பெர்னி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், ஒன்றைத் தவிர. நிதியைப் பாஸ்மோர் அடுத்த செப்டம்பரிலிருந்து தொடங்கலாம் என்றார்.

"அது வரைக்கும் அந்தக் குழந்தை எங்க காத்திருக்கும், க்ரெக்? உங்க கடையிலயா?"

பாஸ்மோர் பேனாவைச் சுழற்றினார். "நீங்க ஓடு வாங்க வந்தா நான் நஷ்டப்பட்டுடுவேன், மிஸஸ் டொம்ப்ராவ்ஸ்கி."

"வந்து வாங்கறேன். மொதல்ல கையெழுத்து."

கையெழுத்தான அன்றே நிதி தொடங்கியது. வாரியத்தில் இரண்டு பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். சம்பள உயர்வு முழுதாக வந்தது. லீவு எழுதிக்கொடுக்க வந்தவர்கள் அலுவலக மேசை முன் வரிசையில் நின்றார்கள். பழைய ஆட்கள்தான் அதிகம். வால்ட் தான் எவ்வளவு கொடுத்தான் என்று யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால், "உனக்கு என்ன?" என்றான்.

நிதியிலிருந்து லீவு கிடைத்து, ஒரு வெள்ளிக்கிழமை மரீசா விடைபெற்றாள். பள்ளி விட்ட பிறகும் ஆய்வக மேசையில் மாற்று ஆசிரியருக்குக் குறிப்பு எழுதிக்கொண்டே இருந்தாள். பெர்னி அவள் கோட்டை எடுத்து வந்து வாசலில் நின்றாள்.

"இன்னும் போகலியா நீ?"

"திங்கக்கிழமை தவளை அறுக்கணும் பெர்னி. புதுசா வர்றவருக்கு எது எங்க இருக்குன்னு தெரியாது..."

"தவளை எங்கயும் ஓடிடாது. அது செத்துப்போச்சு. நீ கிளம்பு."

மரீசா சிரித்தாள். கோட்டைப் போட்டுக்கொண்டு பெர்னியைக் கட்டிப்பிடித்தாள். பெர்னிக்குப் பின்னால் வந்து நின்றிருந்த நான், கையிலிருந்த ட்ரம்பெட்டைத் துடைப்பதாகப் பாவனை செய்தேன்.

லூசியா கிறிஸ்துமஸுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டாள். மரீசா ஏப்ரல் வரை அவளோடு இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். இப்போது எங்கள் அறிவியல் துறைக்கே தலைவி. பக்கத்து மாவட்டம் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிட்டது.

இரண்டு வருடச் சோதனை முடிந்து நிதி நிரந்தரமானபோது, சங்கத்துக்குத் தலைவி பெர்னி. பேச்சுவார்த்தை மேசையில் பாஸ்மோர் காகிதங்களை அடுக்கிக்கொண்டே, "இந்தத் தடவை சீக்கிரம் முடிச்சுடலாம்தானே?" என்று கேட்டார்.

"முடிச்சுடலாம் க்ரெக்," என்றாள் பெர்னி, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு. "பல் வைத்தியத்துக்கு இன்ஷூரன்ஸ் என்ன தர்றீங்க? அதுல இருந்து ஆரம்பிப்போம்."